ஃப்ராக் போட்ட இரண்டு பிள்ளைகளும் ஒரு பலகையும்

மாமல்லபுரத்தில் ஒரு சின்னப் பெண். ஃப்ராக் போட்டிருக்கிறாள். காலில் செருப்புகூடக் கிடையாது. ஸ்கேட்போர்டில் ஏறி நின்று சிமெண்டுச் சரிவில் இறங்குகிறாள். அவள் பெயர் கமலி மூர்த்தி. அந்தப் படத்தை டோனி ஹாக் தன் இன்ஸ்டாகிராமில் பகிர்ந்தார். (டோனி ஹாக் யார் என்று கேட்பவர்கள் சின்ன வயதில் ப்ளேஸ்டேஷன் பக்கம் போகாதவர்கள். அவர் பெயரில் 1999-ல் வந்த ஸ்கேட்போர்டு கேம்தான் பாதி உலகத்துக்கு இந்த விளையாட்டையே அறிமுகப்படுத்தியது.)

அதே காலகட்டத்தில், 2015-ல், பிரேசிலில் இம்பெராட்ரிஸ் என்ற ஊரில் இன்னொரு சின்னப் பெண். ரியோவும் இல்லை, சாவோ பாவ்லோவும் இல்லை, மரான்யாவோ மாநிலத்தில் ஒதுங்கிக் கிடக்கும் ஊர். அவளும் ஃப்ராக்தான் போட்டிருந்தாள். தேவதை வேஷத்துக்கான நீல ஃப்ராக், முதுகில் இறக்கை. பலகையோடு படிக்கட்டைத் தாண்டுகிறாள், விழுகிறாள், மறுபடி தாண்டுகிறாள். அந்த வீடியோவையும் பகிர்ந்தது இதே டோனி ஹாக். அவள் பெயர் ரைஸா லேயால், அப்போது வயது 7.

ரைஸா 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 13 வயதில் வெள்ளி வாங்கினாள். 2024-ல் பாரிஸில் வெண்கலம். கமலியைப் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதாவது ஒரு பெண்ணுக்குப் பதக்கம், இன்னொரு பெண்ணைப் பற்றிப் படம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பார்க்காமல் "தமிழச்சியைப் பாராட்டிய உலகம்" என்று தலைப்புப் போட்டு முடித்துக்கொள்கிற புத்திதான் இங்கே பிரச்சினை.

உடனே சண்டைக்கு வராதீர்கள். கமலி தோற்றுப்போனாள் என்று யாரும் சொல்லவில்லை. அவள் அலைக்குப் போனாள். 2024-ல் தேசிய அளவிலான அலைச்சறுக்குப் போட்டிகளில் 16 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும் பெண்கள் பொதுப் பிரிவிலும் ஜெயித்தவள் அவள். கடலுக்குப் பக்கத்து வீடு, அலைச்சறுக்கும் ஸ்கேட்போர்டும் தெரிந்த மாமன் சந்தோஷ், பிள்ளையை வெளியே விட்ட தாய் சுகந்தி. கொடுத்து வைத்த வீடு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடலை யாரும் டெண்டர் விட்டுக் கட்டவில்லை. அது அங்கேயே கிடந்தது, அவள் ஏறினாள். ஸ்கேட்போர்டுக்கு வேண்டிய சிமெண்டை மனிதன்தான் ஊற்ற வேண்டும். ஊற்றாத இடத்தில் ஆயிரம் கமலிகள் இருந்தாலும் வெளியே தெரியாது.

இந்தியாவில் இதை முதலில் புரிந்துகொண்ட பெண் பெங்களூரின் அதிதா வர்கீஸ். நாட்டின் முதல் தொழில்முறைப் பெண் ஸ்கேட்போர்டு வீராங்கனை என்று பத்திரிகைகள் எழுதுவது இவரைத்தான். ரைஸா மாதிரி 7 வயதில் ஆரம்பித்தவர் இல்லை. பத்தொன்பது வயதுவாக்கில்தான் பலகையில் ஏறினார். ஒலிம்பிக் கணக்குப்படி அது ஓய்வு பெறுகிற வயது! அப்போது பெங்களூரில் ஹோலிஸ்டோக்ட் என்ற பெயரில் சில பையன்கள் கூட்டாகச் சேர்ந்து ஸ்கேட்போர்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2013-ல் லீவைஸ் கம்பெனியின் பணத்தில் வெளிநாட்டு ஆட்களும் இவர்களும் சேர்ந்து அந்த நகரில் ஒரு ஸ்கேட் பார்க் கட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த பெண் அதிதா.

சுற்றிப் பார்த்தால் பெண்பிள்ளைகளே இல்லை. அதற்கு அவர் செய்தது கட்டுரை எழுதுவதல்ல (இந்த இடத்தில் கட்டுரை எழுதுபவர்கள் கொஞ்சம் நெளியலாம்). 2015-ல் 'கேர்ள் ஸ்கேட் இந்தியா' என்று ஒன்றை ஆரம்பித்தார். வெளிநாட்டு ஸ்கேட்போர்டுப் பெண்கள் ஒரு டஜன் பேரை வரவழைத்து, ஊர் ஊராகப் போய், பெண்பிள்ளைகளைக் கையைப் பிடித்துப் பலகையில் ஏற்றினார். 2016-ல் 'வைல்ட் பீஸ்ட்ஸ்' என்ற ஆங்கில இசைக்குழுவின் பாட்டு வீடியோ ஒன்றில் அதிதாவும் அவரோடு சேர்ந்த பெண்களும் வந்தார்கள். அதை எடுத்தவரும் சாஷா ரெயின்போதான். கமலி படத்துக்கு விதை அங்கே விழுந்தது. அப்புறம் வேன்ஸ் ஷூ கம்பெனி அதிதாவைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டது.

ஆக, அதிதாவின் 'தொழில்' என்ன? பதக்கம் வாங்குவதா? இல்லை. சிமெண்டு குழைப்பது, சரிவு பிடிப்பது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, ஷூ கம்பெனியிடம் பேரம் பேசுவது, பயந்து நிற்கும் ஒரு அம்மாவிடம் அரைமணி நேரம் பேசுவது. ஆடுகளத்தையும் கட்டி, கூட ஆட ஆட்களையும் சேர்த்து, அதற்கப்புறம் நேரம் மிஞ்சினால் தானும் ஆட வேண்டும். சச்சின் டெண்டுல்கரிடம் முதலில் நீங்களே பிட்ச் போட்டுக்கொள்ளுங்கள், எதிர் டீமையும் நீங்களே பிடித்து வாருங்கள் என்று யாராவது சொன்னார்களா?

'புரொஃபஷனல்' என்ற வார்த்தையை காமர்ஸ் படிக்கிறவன் பார்வையில் பார்த்தால் இன்னும் வேடிக்கை. இந்த விளையாட்டில் சம்பளம் என்று எதுவும் கிடையாது. வருமானம் பெரும்பாலும் ஸ்பான்சர் கம்பெனிகளிடமிருந்து வருகிறது. பலகைக் கம்பெனி உங்கள் பெயர் போட்ட பலகையை விற்று அதில் ஒரு பங்கு தரும். ஷூ கம்பெனி, துணிக் கம்பெனி மாதாமாதம் ஏதோ தரும். அப்புறம் போட்டிப் பரிசு. ஆக, ஆட்டக்காரியின் மூலதனம் அவள் முழங்கால், அவள் விற்பது தன் நற்பெயர். கம்பெனிக்கோ இது முழுக்க விளம்பரச் செலவு. விளம்பரச் செலவை எந்த வருஷமும் நிறுத்தலாம், கேட்க நாதி கிடையாது. ஆனால் ஒரு ஊரில் ஸ்கேட் பார்க் கட்டுவது மூலதனச் செலவு. இருபது வருஷம் கிடக்கும், வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆகும். இந்தியாவில் பெண் ஸ்கேட்போர்டு ஓடுவது அதிகமும் முதல் வகைப் பணத்தில். இரண்டாவது வகைப் பணத்தைப் போட வேண்டிய அரசாங்கமும் நகராட்சியும் கைதட்டுவதோடு சரி.

பெண்களுக்கு இந்தத் தொழிலில் கிடைத்ததெல்லாம் கேட்டுச் சண்டை போட்டு வாங்கியதுதான், அமெரிக்காவிலேயே அப்படித்தான். பேட்டி மெக்கீ என்ற பெண் ஓடும் பலகையில் கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கும் படம் 1965 மே மாத 'லைஃப்' பத்திரிகை அட்டையில் வந்தது. உலகின் முதல் தொழில்முறைப் பெண் ஸ்கேட்போர்டர் அவர்தான். 2024-ல் காலமானார். அட்டைப்படம் வந்தால் மாற்றம் வந்துவிடும் என்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அட்டைக்குப் பிறகு 33 வருஷம் கழித்து, 1998-ல்தான் எலிசா ஸ்டீமர் என்ற பெண் தெரு ஸ்கேட்போர்டில் தன் பெயரில் பலகை வாங்குகிறார். 1999-ன் அந்த டோனி ஹாக் கேமில் இருந்த ஒரே நிஜப் பெண் அவர். 2005 எக்ஸ் கேம்ஸில் ஆண் வெற்றியாளருக்கு 50,000 டாலர், பெண் வெற்றியாளருக்கு 2,000 டாலர் என்று இருந்தது. எழுத்துப் பிழை இல்லை, இருபத்தைந்தில் ஒரு பங்கு. காரா-பெத் பர்ன்சைடு முதலான பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, இப்படியே போனால் ஆட மாட்டோம் என்று நின்றார்கள். அடுத்த சில வருஷங்களில் பரிசு சமமானது. யாரும் தாமாக மனமிரங்கிக் கொடுக்கவில்லை.

ரைஸாவுக்கு முன்னால் பிரேசிலில் லெடீசியா பூஃபோனி இருந்தார். சின்ன வயதில் அவர் ஸ்கேட்போர்டு ஓட்டியது பிடிக்காமல் அப்பா பலகையை ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிட்டார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு ஆம்பளைப் பசங்க விளையாட்டு என்ற கோபம். அதே அப்பா பிறகு மகள் ஆடுவதைப் பார்த்து மனசு மாறி, அவரே கூட்டிப்போக ஆரம்பித்தார். பூஃபோனி உலகச் சாம்பியன் ஆனார், அவரைப் பார்த்து வளர்ந்தவள் ரைஸா. ரம்பம் வைத்திருக்கும் அப்பாக்கள் சாவோ பாவ்லோவிலும் உண்டு, சாக்கோட்டையிலும் உண்டு. அங்கே பலகையை அறுத்தாலும் போய் ஆட வீதியில் இடம் இருந்தது, ஆடுகிற கூட்டம் இருந்தது. இங்கே அறுக்கவே தேவையில்லை.

சரி, காரைக்குடிக்கு வருவோம்.

இந்த ஊரில் இப்படி ஒரு பேச்சை எடுத்தால் என்ன பதில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். "ஏ ஆத்தா, வயசுக்கு வந்த புள்ள கை காலை ஒடச்சுக்கிட்டு நின்டா யாரு கட்டுவா?" இது அப்பத்தா. "நல்லாப் படிக்கிற புள்ளயக் கெடுக்காதீங்கப்பா" இது பெரியப்பா. "நம்ம கல்ச்சருக்கு செட் ஆகாது ப்ரோ" இது பெரியப்பா ஆகப்போகிற, இப்போதைக்கு ஜீன்ஸ் போட்டிருக்கும் பையன். மூவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மூன்றாவது ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

கல்ச்சரில் ஆரம்பிப்போம். செட்டிநாட்டு வீட்டுத் தூண் எங்கிருந்து வந்தது? பர்மா. தரையில் பதித்த சலவைக்கல்? இத்தாலி. முகப்பில் தொங்கும் கண்ணாடி? பெல்ஜியம். ஊருக்கே பெருமை என்று பஸ் ஏறி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டும் ஆத்தங்குடி கல்லின் பூவேலையைப் பாருங்கள், அதில் எத்தனை சீமைப் பூ இருக்கிறது என்று தெரியும். கடல் தாண்டிக் கொண்டு விற்று, கடல் தாண்டி வந்ததை வாங்கி, அதில் வீடு கட்டி, அதற்குச் செட்டிநாடு என்று பெயரும் வைத்த ஊர் இது. மரமும் கல்லும் கண்ணாடியும் வெளிநாட்டிலிருந்து வரலாம், நாலு சக்கரம் வைத்த ஒரு பலகை வந்தால் மட்டும் கல்ச்சர் கெட்டுவிடுமா? இதில் கிரிக்கெட்டைச் சேர்க்கவே இல்லை. அது காரைக்குடியில் பிறந்த விளையாட்டு போல, வெயில் சாய்ந்ததும் காலி மைதானம் எல்லாம் அதற்குத்தான் பட்டா. ஆடுவது எல்லாம் பையன்கள். ஒரு பெண்ணாவது மட்டையோடு நிற்பதைப் பார்த்தவர்கள் சொல்லட்டும்.

அந்தப் பெரிய வீடுகளின் அமைப்பையும் யோசியுங்கள். முகப்பும் திண்ணையும் பட்டாலையும் ஆண்களுக்கு. பெண்கள் இரண்டாங்கட்டுக்கும் அதற்குப் பின்னாலும். இன்று அந்த வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கிறது, மீதி சினிமா ஷூட்டிங்குக்கும் ஹோட்டலுக்கும் போய்விட்டது. ஆனால் இரண்டாங்கட்டு மட்டும் இடியவில்லை. அது ஊருக்குள் வந்துவிட்டது. ஆறு மணிக்கு மேல் ஒரு தெருவைப் பாருங்கள், டீக்கடை பெஞ்சைப் பாருங்கள், மைதானத்தைப் பாருங்கள், எது முகப்பு எது இரண்டாங்கட்டு என்று தெரிந்துவிடும்.

அப்பத்தாவின் கேள்விக்கு வருவோம். அது கேலிக்குரிய கேள்வி அல்ல. பயம் உண்மையானது. ஸ்கேட்போர்டில் விழுவார்கள், கட்டாயம் விழுவார்கள். ஆலி என்று ஒரு வித்தை இருக்கிறது. கையால் தொடாமல் பலகையோடு எகிறிக் குதிப்பது. பின்காலால் பலகையின் வாலைத் தரையில் அடிக்க வேண்டும், அடித்த நொடியில் முன்காலைப் பலகை மேல் உரசி இழுக்க வேண்டும், பலகை காலோடு ஒட்டினாற்போல மேலே வரும். 1970-களின் கடைசியில் ஆலன் கெல்ஃபாண்ட் என்ற பையன் கண்டுபிடித்தது. இந்த ஒரு குதியலுக்கு நூறு தடவை விழ வேண்டும். அதனால்தான் சொல்லிக்கொடுக்கிறவர்கள் தலைக்கவசம், முட்டிக்கவசம் மாட்டிவிட்டு, எப்படி விழுவது என்பதில் பாடத்தை ஆரம்பிக்கிறார்கள். முட்டியில் சிராய்ப்பு வரும். மணிக்கட்டு சில சமயம் பிசகும். அதெல்லாம் உண்மை.

ஆனால் இதே அப்பத்தா, இதே பேத்தி ஸ்கூட்டியில் ஹெல்மெட் இல்லாமல் நூறடி ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் டியூஷன் போவதற்கு ஒன்றும் சொல்வதில்லை. ஏன்? அது தேவை, இது ஆட்டம். ஆக, விஷயம் எலும்பு இல்லை. பெண் தேவைக்காக அடிபடலாம், சந்தோஷத்துக்காக அடிபடக் கூடாது. கல்யாணச் சந்தையில் தழும்பு ஒரு தேய்மானம், அவ்வளவுதான். பாத்திரம் பண்டம், வைரத்தோடு என்று சாமான் பரப்பிப் பார்க்கிற கல்யாணத்தில் பெண்ணின் முழங்காலும் ஒரு சாமானாகப் பரப்பப்படுகிறது, அதில் கீறல் இருக்கக் கூடாது என்பதுதான் சங்கதி. இதைச் சொன்னால் கோபம் வருகிறது. வரட்டும்.

இந்தப் பயம் ஒன்றும் புதிதில்லை, இதற்கு மருந்து கண்டுபிடித்த ஊர் நாற்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. புதுக்கோட்டை. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனவர்கள் கூடவே சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போதும் இதே பேச்சுதான். பொம்பளை சைக்கிள் மிதிப்பதா, சேலை சக்கரத்தில் மாட்டாதா, பார்க்கிறவன் என்ன சொல்வான். ஆனாலும் கல்குவாரியில் வேலை பார்த்த பெண்களும் விவசாயக் கூலிகளும் அங்கன்வாடி ஊழியர்களும் கற்றுக்கொண்டார்கள். 1992-ல் ஒரே வாரத்தில் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கலெக்டர் முன்னால் நின்றார், வங்கிக் கடன் கிடைத்தது, லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோனதால் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். 2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவிகளுக்கு இலவச சைக்கிள் என்று அரசே ஆரம்பித்து, பிறகு எல்லோருக்கும் வந்தது. இன்று எந்த அப்பத்தாவும் பேத்தி சைக்கிளில் போவதைத் தடுப்பதில்லை. ஏனென்றால் தெருவில் ஒரு பெண் போனால் அவள் 'அந்தப் பொண்ணு', நூறு பேர் போனால் அது ஸ்கூல் விடும் நேரம்.

அதிதா சொல்லிக்கொடுக்கும்போது பெண்களைக் கூட்டமாகச் சேர்த்தது இதே கணக்கில்தான். மத்தியப் பிரதேசத்தில் ஜன்வார் என்று ஒரு கிராமம் உண்டு. 2015-ல் உல்ரிகே ரெய்ன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பெண் அங்கே ஒரு ஸ்கேட் பார்க் கட்டினார். இரண்டே விதிதான். பள்ளிக்குப் போகாதவர்களுக்குப் பலகை இல்லை. பெண்பிள்ளைகளுக்கு முதலிடம், அதாவது பையன் பலகையில் நிற்கும்போது ஒரு பெண் வந்து கேட்டால் இறங்கிக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கிராமத்து ஆதிவாசிப் பெண் ஆஷா கோண்டு 2018-ல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார். அவர் வீட்டிலும் முதலில் எதிர்ப்புதான், ஊரிலும் பேச்சுதான். "நல்லாப் படிக்கிற புள்ளயக் கெடுக்காதீங்க" என்கிற பெரியப்பாவுக்கு அந்த முதல் விதியே பதில். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதே பலகைக்காகத்தான்.

"இதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டு" என்று இன்னொரு வாதம் வரும். இதில் பாதி உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உருப்படியான ஒரு பலகை சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஏழு அடுக்கு மேப்பிள் ஒட்டுப்பலகை, இரும்பு அச்சு, பேரிங், பாலியுரித்தேன் சக்கரம், எல்லாம் வெளியிலிருந்து வருவது. பொம்மைக் கடையில் எண்ணூறு ரூபாய்க்கு விற்கும் பிளாஸ்டிக் சாமானில் ஏறினால் அப்பத்தா சொன்னதுதான் நடக்கும். ஆனால் ஜன்வாரில் எந்தப் பிள்ளையும் சொந்தமாகப் பலகை வாங்கவில்லை. பொதுவில் இருபது பலகை போதும், நூறு பிள்ளைகள் மாறி மாறி ஆடலாம். ஒரு கிரிக்கெட் கிட்டின் விலையைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள். பொது இடம் இல்லாதபோதுதான் ஒரு விளையாட்டு பணக்காரர்களுடையது ஆகிறது. அபார்ட்மெண்ட் காம்பவுண்டுக்குள் வழவழ தரை வைத்திருப்பவன் பிள்ளை ஆடும், மற்றவன் பிள்ளை வீடியோ பார்க்கும்.

தரைதான் எல்லாமே. ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும் தார் ரோட்டில் இந்தச் சின்னச் சக்கரம் ஓடாது. ஒரு கூழாங்கல் போதும், சக்கரம் நின்றுவிடும், ஆள் போய்க்கொண்டே இருப்பார். 1970-களின் நடுவில் கலிஃபோர்னியாவில் வறட்சி வந்து நீச்சல் குளங்கள் காய்ந்தபோது அங்கே இருந்த பசங்கள் அந்தக் காலிக் குளங்களில் இறங்கி ஆட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு ஒலிம்பிக்கில் இருக்கும் 'பார்க்' பிரிவின் கிண்ணம் போன்ற அமைப்பு அந்தக் குளத்தின் பேரன். வறட்சியில் சிவகங்கைச் சீமை கலிஃபோர்னியாவுக்கு எந்த விதத்திலும் குறைந்தது இல்லை. காய்ந்த ஊருணிகளுக்கும் பஞ்சமில்லை. என்ன செய்வது, ஊருணிக்குச் சுற்றிலும் படித்துறை. உருண்டால் மாவுக்கட்டுதான்.

சிரிப்பு போகட்டும். 2024 ஆகஸ்டில் காரைக்குடி மாநகராட்சி ஆனது, அதே நாளில் புதுக்கோட்டையும். மாநகராட்சி என்றால் பூங்கா, நடைபாதை, செல்ஃபி பாயிண்ட், 'ஐ லவ்' என்று இதயம் போட்ட எழுத்து. அந்த இதயத்துக்கு ஆகும் கான்கிரீட்டில் ஒரு ஓரமாக நாலு சரிவு ஊற்றலாம். ஸ்கேட் பார்க்குக்குக் கூரை வேண்டாம், புல் வேண்டாம், தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டாம், நெட் வேண்டாம், பந்து தொலையாது. ஒரு தடவை சரியான வளைவோடு வழவழப்பாகப் பூசிவிட்டால் முடிந்தது. சுண்ணாம்பையும் முட்டை வெள்ளையையும் குழைத்துக் கண்ணாடி மாதிரி சுவர் பூசிய கொத்தனார்களின் ஊரில் வளைவு பூச ஆள் இல்லையா? அந்தக் கைகளுக்கும் ஒரு வேலை.

ஸ்கேட்டிங் என்றாலே இங்கே நடப்பது வேறு. நாலு சக்கர ஷூவை மாட்டி, பிள்ளையின் கண்ணைக் கட்டிவிட்டு, கையில் கொடியைக் கொடுத்து, பள்ளி கிரவுண்டை நூறு சுற்று சுற்றவைத்து, 'உலக சாதனை' என்று சான்றிதழ் வாங்கி, பேப்பரில் போட்டோ போட்டுவிடுவார்கள். தாளாளர் சந்தோஷப்படுவார், கோச்சுக்கு அட்மிஷன் கூடும். பிள்ளை அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு, ஷூ பரணுக்குப் போகும். இதற்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்? இந்தியாவில் ஸ்கேட்போர்டும் ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பின் கீழேதான் வருகிறது. 2022 குஜராத் தேசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்கேட்போர்டு சேர்க்கப்பட்டு, மகாராஷ்டிராவின் ஷ்ரத்தா கெய்க்வாட் பெண்கள் தெருப் பிரிவில் தங்கம் வாங்கினார். அதற்குப் பிறகும் டோக்கியோ மாதிரியே பாரிஸிலும் ஸ்கேட்போர்டில் ஒரு இந்தியரும் இல்லை, ஆணும் இல்லை பெண்ணும் இல்லை.

வயதைப் பாருங்கள், அங்கேதான் வலிக்கிறது. டோக்கியோ பெண்கள் தெருப் பிரிவு: தங்கம் மோமிஜி நிஷியா, 13. வெள்ளி ரைஸா, 13. வெண்கலம் ஃபூனா நகயாமா, 16. மூவரையும் கூட்டினால் 42, ஒரு அத்தையின் வயசு. பார்க் பிரிவில் கோகோனா ஹிராகி 12 வயதில் வெள்ளி. பாரிஸில் தெருப் பிரிவில் தங்கம் கோகோ யோஷிசாவா, 14. பார்க் பிரிவில் தங்கம் அரிசா ட்ரூ, அவளும் 14.

பன்னிரண்டிலிருந்து பதினாறு. இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு அந்த வயதில் என்ன நடக்கிறது? மண்டபம் பிடித்து, ஃப்ளெக்ஸ் அடித்து, மாமன் சீர் வைத்து, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டு அவள் 'பெரியவள்' ஆனதைச் சொல்கிறார்கள். மறுநாளிலிருந்து ஓடாதே, குதிக்காதே, வாசலில் நிற்காதே. பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார், மிஞ்சிய பீரியடில் பையன்கள் கிரவுண்டுக்குப் போவார்கள், பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். உலகம் எந்த வயதில் மேடையில் ஏற்றுகிறதோ அதே வயதில் இங்கே மணையில் உட்காரவைக்கிறார்கள். திறமை இல்லை, சத்து இல்லை, ஜீன் இல்லை என்பதெல்லாம் அப்புறம். முதலில் அந்த நாலு வருஷத்தைக் கொடுங்கள்.

சினிமாக்காரர்கள் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். மஞ்சரி மகிஜானி எடுத்த 'ஸ்கேட்டர் கேர்ள்' 2021-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. கதைப்படி ராஜஸ்தான் கிராமம், ஏழைப் பெண், லண்டனிலிருந்து வரும் பெண், பலகை, கட்டாயக் கல்யாணம், கடைசியில் போட்டி. ஆஷாவின் வாழ்க்கையைத்தான் சுட்டுவிட்டார்கள் என்று ஒரு சர்ச்சையும் ஓடியது. வெளியூரிலிருந்து ஒரு ரட்சகர் வந்துதான் நம்மூர்ப் பெண்ணுக்குப் பலகை கிடைக்க வேண்டும் என்கிற கதை எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரைத் திட்டுவது? படத்துக்காக உதய்ப்பூர் பக்கத்தில் கேம்பூர் கிராமத்தில் நிஜமாகவே ஸ்கேட் பார்க் கட்டினார்கள், ஷூட்டிங் முடிந்த பிறகு பிள்ளைகளுக்கு விட்டுவிட்டார்கள். ஜன்வாரில் ஜெர்மன்காரர், பெங்களூரில் ஜீன்ஸ் கம்பெனி, கேம்பூரில் சினிமா கம்பெனி. ஐந்தொகை எழுதிப் பார்த்தால் வரவுப் பக்கத்தில் நகராட்சி, ஊராட்சி, மாவட்ட விளையாட்டு அலுவலகம் என்று ஒரு பெயரும் வராது. ரட்சகர்கள் வருவது பிடிக்கவில்லை என்றால் ரட்சகர்களுக்கு வேலை இல்லாமல் செய்ய வேண்டும்.

காபூல் கதை தெரிந்திருக்கலாம். 2007-ல் ஆலிவர் பெர்கோவிச் என்ற ஆஸ்திரேலியர் அங்கே தெருப்பிள்ளைகளோடு ஸ்கேட்போர்டு ஓட்ட ஆரம்பித்தார், அது 'ஸ்கேட்டிஸ்தான்' என்ற பள்ளியாக வளர்ந்தது. ஆப்கானிஸ்தானில் பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவது தப்பு. ஸ்கேட்போர்டு? அதை அங்கே யாரும் பார்த்ததே இல்லை, அதனால் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. தடை வருவதற்கு முன் பெண்கள் ஏறிவிட்டார்கள். 2021 ஆகஸ்டில் தாலிபான் திரும்ப வந்ததும் அது நின்றது.

காரைக்குடியில் தாலிபான் இல்லை. ஸ்கேட்போர்டு ஓட்டக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, எந்த நாட்டாமையும் தீர்ப்புச் சொல்லவில்லை. அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக்கென்று தனிக் கல்லூரியே இருக்கிறது. அங்கிருந்து பட்டம் வாங்கிக்கொண்டு வருஷா வருஷம் பி.டி. டீச்சர்கள் வெளியே வருகிறார்கள். மாநகராட்சிக்குப் பொறியாளர் இருக்கிறார், பூங்கா ஒதுக்கீடு இருக்கிறது. கமலியின் படத்தை வாட்ஸ்அப்பில் 'பெருமை கொள்வோம்' என்று அனுப்பிய பெரியப்பாக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேர் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஒரு மனு எழுதிக்கொண்டு போகட்டும். இடம், அளவு, இருபது பலகை, நாற்பது ஹெல்மெட். கீழே ஒரு வரி மறக்காமல் சேர்க்கட்டும்: சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறரை வரை பெண்பிள்ளைகள் கேட்டால் பையன்கள் இறங்கிக்கொள்ள வேண்டும்.